ஐந்தாவது பிளக்

ஹிர்விசாரி தீவு,
நவம்பர் 4

அன்பு மகன் இல்மோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ அப்படி எழுதினாலும் நான் நம்பப்போவதில்லை. அதனால் அந்த வரியை இருவரும் எழுதிவிட்டதாக வைத்துக்கொள்வோம். பதினொரு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. கடிதத்தையாவது கடைசிவரை படி. சொல்லவேண்டியது பின்னால்தான் இருக்கிறது.

ஏரியில் காலை வேளையில் கரையோரம் மெல்லிசாகப் பனித்தகடு கட்டுகிறது, மதியம் கரைந்துவிடுகிறது. நம் படகைத் திங்கட்கிழமை பென்ட்டி வின்ச் போட்டுக் கொட்டகைக்குள் இழுத்துக் கொடுத்தான். அதற்கு முன்னால், இன்ஜினை நானே குளிர்காலத்துக்குத் தயார் செய்கிறேன் என்றதும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரே சிரிப்பு. "சில்வி, நாப்பது வருஷமா அந்தப் படகுல நீ காபி மட்டும்தான் ஊத்தினே. இப்ப ஆயில் ஊத்தப் போறியா?" என்றான். "ஊத்தறேன். நீ போய் உன் வேலையப் பாரு" என்று அனுப்பிவிட்டேன்.

அப்பா செய்கிற வரிசையிலேயே செய்தேன். படகு தண்ணீரில் இருக்கும்போதே இன்ஜினைச் சூடாக ஓடவிட்டுப் பழைய ஆயிலை எடுத்தேன், ஃபில்டரை மாற்றினேன். டீசல் டேங்கை விளிம்புவரை நிரப்பினேன். காலி இடம் விட்டால் உள்ளே வியர்த்துத் தண்ணீர் சேரும் என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பாரே. பேட்டரியைச் சமையலறையில், அவர் நாற்காலி இருந்த மூலையில் வைத்திருக்கிறேன். சூப் கிண்டும்போது அதைப் பார்த்துப் பேசுகிறேன், சிரிக்காதே.

பிறகு இன்ஜினுக்குள் தங்கிய தண்ணீரை வடிக்க உட்கார்ந்தேன். ஜூன் மாதம் பென்ட்டி கொண்டுவந்து பொருத்திய இன்ஜினும் அதே மாடல்தான், தண்ணீர் வடிக்க அதே ஐந்து பிளக். நான்கைத் திறந்துவிட்டேன். ஐந்தாவது எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும். டைனமோவுக்குப் பின்னால், உன் கை மட்டும் நுழைகிற இடத்தில்.

போன செவ்வாய்க்கிழமை உன் அறைத்தோழன் யொன்னே போன் செய்தான். "அம்மா, அவன் மீன் ஆலைக்கு வேலைக்கே போறதில்ல. சாப்பாடும் இறங்கல. படகுத்துறை ஓரத்துல போய்த் தண்ணியையே பாத்துக்கிட்டு நிக்கிறான். எனக்குப் பயமா இருக்கு" என்றான். எனக்கு உயிரே போய்விட்டது. நல்ல பையன், அவனிடம் கோபித்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தை அவன் பெயருக்கே விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். உன் எதிரில் உட்கார்ந்து படிக்கவைக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இல்மோ, மே மாதம் நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும். பனி விலகி நாலே நாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி. அக்கரைக்குப் பாதி வழியில் இன்ஜின் இறுகி நின்றது. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை நீ உருவிப் பார்த்தாய், பால் மாதிரி வெளுத்திருந்தது. குளிர்காலத்தில் உள்ளே தண்ணீர் உறைந்து இன்ஜின் விரிசல் விட்டிருக்கிறது என்று உங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. என் மடியில் தலைவைத்துக்கொண்டு அவர் உன்னிடம், "அஞ்சாவதைத் திறந்தியாடா?" என்று கேட்டார். நீ முதலில் "திறந்தேம்ப்பா" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "திறந்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றாய். அப்புறம் துடுப்பு போட்டாய். உன் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. கரை சேரும் முன் அவர் போய்விட்டார்.

நீ திறந்தாய், இல்மோ. எனக்குத் தெரியும்.

போன வருஷம் அக்டோபர் 26 அன்று, அப்போது நீ வேலை பார்த்த மர ஆலையிலிருந்து வாரவிடுப்பில் வந்து ஐந்தையும் திறந்தாய். அப்பா வழக்கம்போல் கொட்டகைக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் எழுதினார்: "இல்மோ தண்ணீர் வடித்தான், ஐந்தும்." பென்ட்டியின் வின்ச் வரும்வரை படகு தண்ணீரிலேயே கிடந்தது. பத்து நாள் கழித்து நான்தான் ஆரம்பித்தேன். தந்தையர் நாளுக்கு நீ வருகிறாய், உப்புப் போட்ட சீகா மீன் இல்லாமல் அது என்ன மேசை என்று நச்சரித்தேன். "இன்ஜினை மூடியாச்சு சில்வி, இனி வசந்தத்துலதான்" என்றார். "ஒரே ஒரு வலைதானே, என்ன குறைஞ்சு போயிடும்" என்றேன்.

போனார். ஒன்பது மீன் கொண்டுவந்தார். இன்ஜின் ஓடியதில் உள்ளே ஏறிய தண்ணீரை வடிக்க மறுபடி நான்கு பிளக்கைத் திறந்தார். அவர் கை பெரிய கை, ஐந்தாவதற்குப் போகாது. "அதை ஞாயித்துக்கிழமை இல்மோ வந்து பாத்துக்குவான்" என்று என்னிடம் சொன்னார். கதவில் "வலை. சீகா 9" என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். மூன்று துண்டு சாப்பிட்டாய், உப்பு சரியாக இருக்கிறது என்றாய். அவரும் மறந்தார், நானும் மறந்தேன். உன்னிடம் யாரும் சொல்லவே இல்லை.

படகில் அவர் உன்னைக் கேட்ட அந்த நிமிடமே எனக்கு அந்த ஒன்பது மீனும் ஞாபகத்துக்கு வந்துவிட்டன. வாய் திறக்கவில்லை. மீனுக்கு ஆசைப்பட்டுப் புருஷனைக் கொன்றவள் என்று ஊர் சொல்லுமே என்று பயந்தேன். நீ என் முகத்தில் விழிக்கமாட்டாய் என்று அதைவிடப் பயந்தேன். அடக்கம் முடிந்த மறுநாள் மீன் கத்தியை எடுத்துப்போய்க் கதவில் இருந்த அந்தக் கடைசி வரியைச் சுரண்டினேன். நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "நான்தாம்மா அப்பாவைக் கொன்னுட்டேன்" என்று சொன்னபோது அந்தக் கத்தி என் அங்கிப் பையில்தான் இருந்தது. உன்னைத் தடுக்காமல் நின்றேன். பெற்றவள் செய்கிற காரியமா அது?

கறுத்த கதவில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. நேற்று அங்கே போன வருஷத்துத் தேதியைப் போட்டு நானே எழுதிவிட்டேன், பென்சிலில் அல்ல, பேனாவில்: "நவம்பர் 5. சில்வி கேட்டாள். வலை. சீகா 9. ஐந்தாவது பிளக் திறக்கவில்லை." இன்று காலை பென்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் படித்தான். தொப்பியைக் கழற்றினான், திரும்பப் போட்டான். "பையனுக்கு எழுதிட்டியா?" என்று மட்டும் கேட்டான். தன் மகளின் கை சின்னது, அவள் வந்து ஐந்தாவதைத் திறந்துவிடுவாள் என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எல்லோரும் படகைக் கரையேற்றிவிட்டார்கள், பென்ட்டி மட்டும் தன்னுடையதை இன்னும் தண்ணீரிலேயே வைத்திருக்கிறான். காரணம் கேட்டால் முதுகுவலி என்கிறான். நீ அக்கரைக்கு வந்து ஒரு போன் செய்தால் போதும், அந்த முதுகுவலி பறந்துவிடும்.

வானொலியில் வியாழக்கிழமை முதல் கடும் உறைபனி என்கிறார்கள். அப்பாவின் போர்வையை இன்ஜின் மேல் போர்த்தி, உள்ளே ஒரு பல்பு எரியவிட்டிருக்கிறேன். இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்குமேல் தாங்காவிட்டால் வெடிக்கட்டும், இன்ஜின் போனால் போகிறது. வந்து என்னைத் திட்டு. என்னோடு பேசாமல் இரு, சாப்பிட மறு, கதவைச் சாத்திக்கொள். எல்லாவற்றையும் இங்கே வந்து செய். அந்தத் துறையின் ஓரத்திலிருந்து மட்டும் தள்ளி நில், என் கண்ணே.

கடவுள் உன் கைகளைக் காப்பாற்றட்டும். அவை எந்தத் தப்பும் செய்யவில்லை.

மன்னிப்புக் கேட்கவும் முகமில்லாத உன்
அம்மா சில்வி