பெரட்டுக்களத்தில் கேட்ட கேள்வி

என் அன்பு மாணிக்கம் அண்ணே,

நீ குடிகாரச் சண்டையில் செத்தாய் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு. நீ கள்ளைத் தொட்டதில்லை என்று தெரிந்தவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதனால்தான் ஊரறிய இதை எழுதுகிறேன்.

ஞாயிறு மத்தியானம் லயத்து வரிசைவீடுகளின் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, எல்லோருமாகக் கணக்கு போட்டீர்கள், பத்திரிகை படித்தீர்கள், பழைய சைக்கிளைப் பிரித்துப் பூட்டினீர்கள். உன் வாலிபர் சங்கம் அவ்வளவுதான். நீயும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவன்தான், அவர்களைவிடக் கொஞ்சம் மூத்தவன். பெரிய கங்காணிக்கு ஏன் அத்தனை வெறி? பால்மரத்துக்கு ஆள் இல்லாமல் போய்விடும் என்ற பயமா?

நீ செத்த அன்று காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில், உன் சங்கம் பிள்ளைகளை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று அளந்து பார்க்கப் போவதாகச் சொன்னான். பிரம்போடு அவர்களை வரிசையில் நிறுத்தினான்.

"வளந்து என்னடா வேல செய்யப் போற?"

"ஈப்போ ரயில் பட்டறைக்குப் போவேன்" என்றான் வீரன். பிரம்பு அவன் வாயைக் கிழித்தது. பல்லோடு இரத்தத்தைத் துப்பினான்.

"மோட்டார் ஓட்டுவேன்" என்ற ராமுவின் காது பிய்ந்து தொங்கியது. அதைப் பார்த்த சின்னையா, "பால்தாங்க வெட்டுவேன்" என்று அழுதான். அவனை எப்படிக் குறை சொல்ல?

அடுத்து நின்ற கருப்பாயி, "ஆஸ்பத்திரியில வேல பாப்பேன்" என்றாள். அவள் தலைமுடியைப் பிடித்துத் தூணில் மோதினான் கங்காணி.

நீ பாய்ந்தாய். "புள்ளய விடு. கேக்குறத என்கிட்ட கேளு."

பிரம்பைப் பிடுங்கி முறித்தாய். அவனுடைய ஆட்கள் மண்வெட்டிக் காம்பால் உன் மண்டையில் அடித்தார்கள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. விழுந்த பிறகும் நெஞ்சில் ஏறி மிதித்தார்கள். தோட்டத்துத் துரை பார்த்துக்கொண்டே நின்றார். ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், மாட்டுவண்டியில், என் மடியிலேயே உன் மூச்சு நின்றது.

இப்போது வீரன் பட்டறையில் சேர்ந்துவிட்டான். சின்னையா பால் வெட்டுகிறான். கத்தியோடு கங்காணியைத் தேடிப்போன ராமு, வலது கையை வெட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். இதில் எது உன் சங்கத்தால் வந்தது, எது அந்தப் பிரம்பால் வந்தது? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை அண்ணே.

திங்கட்கிழமை ஈப்போ கோர்ட்டில் உன் வழக்கு. சாட்சி சொல்கிறவர்களுக்குத் தோட்டத்தில் இடமில்லை என்று மிரட்டியிருக்கிறார்கள். நான் ஏற்கெனவே வெளியேறி ஈப்போ பக்கம் சிலிபினில் இருக்கிறேன். நேற்று கருப்பாயி தேடிவந்தாள். நெற்றிக் காயம் இன்னும் ஆறவில்லை.

"நானும் கோர்ட்டுக்கு வாரேன்க்கா. பாத்தத சொல்லிட்டு வந்துரலாம்லா."

"லயத்த விட்டுத் தொரத்துவாங்கடி."

"தொரத்தட்டும். ஒங்க கூட இருந்துக்கிறேன்."

கூண்டில் ஏறுவேன் அண்ணே. உன்னை அடித்தவர்கள், மிதித்தவர்கள், வேடிக்கை பார்த்தவர் எல்லோருடைய பெயரையும் அவர்கள் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அவர்கள் விடுதலையாகிப் போனாலும் போகட்டும். நீ எதற்காகச் செத்தாய் என்று சொல்லாமல் இறங்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
அஞ்சலை