சர்வருக்கு யார் சொல்வது?

ரெனால்ட் அண்ணா,

தூங்குற உன்னை எழுப்பினால் மறுபடி சண்டைதான், அதனால் எழுதிவைக்கிறேன். உன் தோஸ்துங்க கேம் ஆடக்கூடாதென்று நேற்று கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மாற்றினாய். எனக்குப் புதுசைச் சொன்னாய், அதே பாஸ்வேர்டில் கிளம்பும் என் டேட்டாபேஸ் சர்வருக்கு யார் சொல்வது? அது பழைய பாஸ்வேர்டையே போட்டுப் போட்டுக் கிளம்பாமல் கிடந்தது. ஷிப்ட் முடிந்து வந்த நீ, "இன்னா படிச்சே?"ன்னு சிரிச்சே. செட்டிங்கில் புதுசைப் போட்டேன், ஓடுது.

டேனரி முதலாளி நசீர் பாயை அழைத்துவரப் போகிறேன். அந்த சர்வரை வைத்து நான் எழுதின தோல் ஸ்டாக் புரோகிராம் அவர் கண்முன் ஓடினால்தான் டேனரி ஆபீசில் எனக்கு வேலை. நான் வரும்வரை எதையும் தொடாதே.

ஃபீபி

குழம்பு அடுப்பு மேல் இருக்கு. சுடவைத்துச் சாப்பிடு.

பாய் "யார் பண்ணது?"ன்னு கேட்டால், "நாங்க ரெண்டு பேரும்"னு இழுக்காதே. என் பேரைச் சொல்லு, டிகிரியோட.