முளைவிட்ட பயறும் பக்கத்து நாற்காலியும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

கடவுள் துணையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாயிருப்பாய் என்றே நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். வியாழக்கிழமை ஆஸ்பத்திரி மாடியறையில் யார் யார் இருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஒருவரை விட்டாலும் எனக்குக் கணக்கு நேராகாது. நான், தையல்கார அக்கா, பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற அக்கா (அவளை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுகிறோம்), எங்களைக் கூட்டி உட்கார வைக்கும் நர்ஸம்மா, புதிதாக வந்த ஒரு கணக்கு டீச்சர். ஆண்களுக்கு உள்ளே இடமில்லை, அதனால் உன் அப்பா வெளியே பெஞ்சில். நர்ஸம்மா தவிர நாங்கள் எல்லோரும் மார்பில் புற்றுநோய் வந்தவர்கள். பார், அந்த வார்த்தையை முழுசாக எழுதிவிட்டேன். போன வருஷம் அந்த வார்த்தையை உன்னிடம் சொல்ல முடியாமல் போனை அப்பாவிடம் நீட்டியவள்தான் நான். நீயும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடு என்று போனில் சொன்னால் "பாக்கலாம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அந்தப் பேச்சுக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் என் பெருமையைக் கேள்.

ஆபரேஷனுக்குப் பிறகு உன்னிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொன்னேன். ஆனால் இடது பக்கம் வெறுமையாக இருந்தது, கண்ணாடி முன்னால் நிற்கவே மனசு வரவில்லை. வந்து பார்த்தவர்களெல்லாம் ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாது என்றார்கள், ஆனது எனக்கல்லவா தெரியும். கடவுளிடம் சண்டைகூடப் போட்டேன். அப்போதுதான் நர்ஸம்மா மாடியறைக்கு வரச் சொன்னாள். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு, யாரும் யாரிடமும் ஒண்ணும் ஆகாது என்று சொல்லக் கூடாது. சாப்பிட்டியா, தூங்கினியா, கை தூக்க வருதா, இதுதான் பேச்சு. முதல் நாளே தையல்கார அக்கா ரவிக்கைக்குள் வைத்துக்கொள்ளப் பஞ்சு அடைத்த துணி மார்பு ஒன்று தைத்துக் கொடுத்தாள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் துணி காயப் போடக் கையைத் தூக்கினால் அதுவும் கூடவே கழுத்துக்கு ஏறி வரும். கனம் இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. எவ்வளவு கனம் வேண்டும் என்று அளக்க வேண்டாமா? சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தராசை மேடையில் வைத்து, குனிந்து வலது பக்கத்தை அதன் தட்டில் வைத்துப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து உன் அப்பா கதவைத் திறந்தார். பார்த்தார், சாத்தினார், பிறகு வெளியில் நின்றபடியே "எவ்வளவு காட்டுது?" என்றார். சிரிக்காதே, அந்த மனுஷன் அன்றைக்கு அப்படிக் கேட்டதற்காகவே அவருக்கு இன்னொரு ஜென்மம் சமைத்துப் போடலாம்.

அந்த எடைக்குச் சரியாகப் பச்சைப் பயறு அளந்து உள்ளே வைத்துத் தைத்தேன். கிண்ணென்று நின்றது. நான்தான் உலகத்திலேயே புத்திசாலி என்று திரிந்தேன். அழுக்கானதும் துவைத்துக் காயப்போட்டேன், மழைக்காலம், வெயிலே இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் தையலுக்கிடையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. பயறு முளைவிட்டிருக்கிறது! என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே பையில் போட்டு மாடியறைக்குக் கொண்டு போனேன். விசில் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எடுத்தாச்சுன்னு நாங்கெல்லாம் அழுதோம், உனக்கு அந்த இடத்துல வெள்ளாமையே வந்துருச்சேடி" என்றாளே பார்க்கலாம். எனக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு, தையல் போட்ட இடம் இழுத்துப் பிடிக்கிறது, நிறுத்த முடியவில்லை. நோய் என்று தெரிந்த பிறகு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சிரித்தேன். கடவுளிடம் நான் கேட்டது வேறு, அவர் அனுப்பியது இவர்களை. இப்போது பயறுக்குப் பதில் பாசிமணி, எத்தனை தடவை துவைத்தாலும் முளைக்காது. யார் வந்தாலும் தையல்கார அக்கா தைக்க, நான் அவரவருக்குத் தக்கபடி எடை போட்டு நிரப்பிக் கொடுக்கிறேன். அங்கே எனக்குப் பெயர் தராசு அக்கா.

வியாழக்கிழமை வந்த டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். அடுத்த வாரம் ஆபரேஷன் என்று தேதி கொடுத்தும் வேண்டாம் என்று நிற்கிறாளாம். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவுப் பக்கமே பார்த்திருந்தாள். நர்ஸம்மா என்னைப் பார்த்து, "தராசக்கா, இன்னைக்கு நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றாள். எத்தனையோ மாதம் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தவளை உட்காரச் சொல்கிறார்கள்! ரவிக்கைக்குள்ளிருந்து என் பாசிமணி மார்பை எடுத்து அவள் கையில் வைத்தேன். திடுக்கிட்டுப் போனாள். பிறகு மெதுவாக, "கனமா இருக்கே அக்கா" என்றாள். இருக்கணும்ல, இல்லாட்டி தோள் ஒரு பக்கமா சாய்ஞ்சிரும் என்றேன். அதற்குள் விசிலுக்கு வாய் சும்மா இருக்குமா, பயறுக் கதையை அவிழ்த்துவிட்டாள். டீச்சர் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுது முடித்து, "ஆபரேஷன் அன்னைக்குக் கூட வருவீங்களா?" என்று கேட்டாள். போகப் போகிறேன். படிக்காத உன் அம்மாவைக் கணக்கு டீச்சர் கூட வரச் சொல்லிக் கேட்கிறாள், நீயும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்.

கிளம்பும்போது நர்ஸம்மா ஒவ்வொருவரிடமும், மகள் இருந்தால் அவள் டாக்டரைப் பார்த்தாயிற்றா என்று கேட்டாள், அம்மாவுக்கு வந்திருந்தால் மகள் முன்கூட்டியே போய்க் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றாள். தையல்கார அக்கா பார்த்தாச்சு என்றாள், விசில் பார்த்தாச்சு என்றாள். நான் குனிந்து செருப்பைத் தேடினேன். உனக்கு ஏதோ இருக்கிறது என்று நான் சொல்லவில்லை கண்ணு, ஒண்ணும் ஆகாது என்றும் சொல்ல மாட்டேன், அது எங்கள் கட்டுப்பாடு. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்றே சொல், மீட்டிங் என்று சொல்லாதே. தனியாகப் போகத் தயக்கமென்றால் அன்றைக்கு நீ வீட்டை விட்டு இறங்கியதிலிருந்து டாக்டர் அறைக் கதவு வரை போனில் நான் கூடவே வருகிறேன். பக்கத்து நாற்காலியில் உட்கார எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பார், தினமும் உன் பெயர் சொல்லித்தான் கை கூப்புகிறேன். அப்பா ஆசி சொல்லச் சொன்னார். மழையில் நனையாதே. டாக்டரிடம் என்றைக்குப் போகிறாய் என்று நாள் குறித்துச் சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
(மாடியறையில் தராசு அக்கா)