தட்டில் வைத்த மோர்மிளகாய்

இன்று காலை மோர்மிளகாய் பொரித்தேன். வழக்கம்போலப் புகை அலாரம் கத்தியது. யன்னலைத் திறந்து துவாயால் விசுக்கிக்கொண்டு நிற்கும்போது உங்கள் நினைவு வந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தேன்.

லண்டனில் உங்கள் ஜப்பான் கம்பெனி அலுவலகத்தில் எனக்குத் துப்புரவு வேலை. நீங்கள் அங்கே பெரிய மேலாளர்களுக்குள் ஒரே பெண். மாதத்தில் ஒருநாள் மத்தியானம், லண்டனில் வேலை செய்யும் ஜப்பான் பெண்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்ட அறையில் சேர்ப்பீர்கள். தட்டெடுக்க வந்த என்னையும் ஒருநாள் இருக்கச் சொன்னீர்கள். நானும் இந்தக் கட்டடத்தில் வேலை செய்யும் பெண்தானே என்றீர்கள். மேடம் என்று கூப்பிட வேண்டாம் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து நீங்கள் எனக்குத் தங்கச்சி, நான் உங்களுக்கு அக்கா.

அங்கே ஒவ்வொருவரும் அந்தந்த மாதம் தான் நன்றாகச் செய்த வேலை ஒன்றைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதுவே அவர்களுக்கு ஏலாமல் இருந்தது. எல்லாம் மற்றவர்கள் செய்தது, நான் சும்மா கூட நின்றேன் என்பார்கள். எனக்கு அது புதினமில்லை. கறி நல்லாயிருக்கு என்று யாரும் சொன்னால், உப்புக் கூடிப்போச்சு என்றுதானே நாங்களும் சொல்லுவோம். நாங்கள் சின்னதாக்கிச் சொன்னால் மேலே இருப்பவர்கள் அப்படியே நம்பிவிடுவார்கள், பதவி கொடுக்கும்போது எங்களை நினைக்கமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லுவீர்கள்.

ஒருநாள் என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த மோர்மிளகாயை முழுசாகக் கடித்துவிட்டீர்கள். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர். அது அடங்கியதும் சட்டம் போட்டீர்கள்: இனித் தன் வேலையைக் குறைத்துச் சொல்பவருக்கு இதில் ஒன்று. அதற்குப் பிறகு அந்த அறையில் இருமலும் சிரிப்பும்தான். மெல்ல மெல்ல, "நான் செய்தேன்" என்று சொல்லவும் பழகினார்கள்.

பிறகு ஒரு மாதம் நீங்களே தலையைக் குனிந்தீர்கள். லண்டன் கிளைக்குத் தலைமை ஏற்கும்படி டோக்கியோவிலிருந்து கேட்டார்களாம். நான் இன்னும் தயாரில்லை, என்னைவிடப் பொருத்தமான ஆள் இருக்கிறார் என்று எழுதப் போவதாகச் சொன்னீர்கள். அந்தப் பெண்களுக்கு நீங்கள் மூத்தவர். உங்கள் சட்டத்தை உங்களுக்கே நினைவூட்ட அவர்களுக்குத் துணிவு வராது. நான் பெட்டியைத் திறந்து, பெரியதாகப் பார்த்து ஒன்றை உங்கள் தட்டில் வைத்தேன்.

"அக்கா, இது நியாயமில்லை."

"சட்டம் நீங்கள் போட்டது, தங்கச்சி. சாப்பிடுங்கோ."

சாப்பிட்டீர்கள். கண்ணீரில் மிளகாய்க்கு எவ்வளவு, பயத்துக்கு எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் குப்பை எடுக்க வந்த என்னிடம், "ஓம்" என்று தமிழிலேயே சொன்னீர்கள். பதவியை ஏற்றுவிட்டீர்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அந்தத் தலைமைக் கதிரையில் இருந்து எத்தனை பெண்களை மேலே ஏற்றினீர்கள். பிள்ளை பெற்றுத் திரும்பியவர்களுக்குப் பழைய பதவியையே கொடுத்தீர்கள். இன்னும் செய்திருப்பீர்கள். நோய் விடவில்லை, உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன கிழமை எங்கள் துப்புரவுக் கம்பெனி மனேஜர் என்னை மேற்பார்வை வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டார். படிப்பில்லை, இங்கிலீசும் அரைகுறை, வேறு யாரையும் பாருங்கோ என்று நாக்கு நுனிவரை வந்தது. யோசித்துச் சொல்லுறன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

புகை போனதும் மிச்ச மிளகாயையும் பொரித்து முடித்தேன். பிறகு மனேஜருக்குப் போன் எடுத்தேன். "ஓம், நான் செய்வன்" என்பதை இங்கிலீசிலேயே சொன்னேன்.

இன்று மத்தியானம் உங்கள் பெண்கள் கூடுகிறார்கள். என் முறை வரும்போது தலையைக் குனியாமல் இதைச் சொல்ல வேண்டும். அவர்களில் யாராவது இன்னும் "சும்மா" என்றுதான் தொடங்குவார்கள். பெட்டி நிறைய இருக்கிறது. ஆனால் பெரியது ஒன்றை நான் ஒருவருக்கும் கொடுக்கப் போவதில்லை. அது உங்கள் தட்டுக்கு.