பீரோவுக்குப் பின்னால் இருந்த கோடு

கடலூர்,
ஜனவரி 11

அன்புள்ள ஜெனித்,

நானும் அப்பாவும் உயிரோடும் ஒரே கூரையின் கீழும் இருக்கிறோம், அதுவே இப்போதைக்கு நலம். நீயும் ஜாம்நகர் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்த அன்று, என்னம்மா சொன்னார் என்று போனில் கேட்டாய். வந்தார், பார்த்தார், போனார் என்று மட்டும் சொன்னேன். அன்று அவரிடமும் ஒன்றைச் சொல்லாமல் விழுங்கினேன்: சுவருக்கு வெள்ளையடித்து எல்லாவற்றையும் அழித்தது இதோ நிற்கிற இந்த மனுஷன்தான்.

புயலுக்கு மறுநாள் காலை கெடிலம் பொங்கித் தெருவுக்குள் தண்ணீர் வந்தபோதே என் கோபம் தொடங்கிவிட்டது. கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு உன் அப்பா டிவி பிளக்கைப் பிடுங்கப் போனார். டிவிக்காகச் செத்தா பேப்பர்ல கூடப் போட மாட்டாங்க என்று கத்திவிட்டு, ஓடிப்போய் மெயினை நான்தான் இறக்கினேன். பத்திரங்களை மட்டும் பரணில் ஏற்றிவிட்டுக் கிளம்பினோம். என் போன் தண்ணீரோடு போயிற்று. சிதம்பரத்தில் ஜெயமேரி சித்தி வீட்டிலிருந்து இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் பேசினேன், வீட்டு லோனோடு பேங்க்காரன் தலையில் கட்டினானே, அந்தப் பாலிசிக்குத்தான். சர்வேயர் வரும்வரை எதையும் தொடாதீர்கள், போட்டோ எடுத்து வையுங்கள் என்றார்கள். அதை உன் அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லித்தான் மாணிக்கம் மாமாவோடு கடலூருக்கு அனுப்பினேன். ஒரு போட்டோ எடுக்கவில்லை. சர்வேயரும் வரவில்லை, கிறிஸ்மஸ் வந்துவிட்டது. மச்சான், கேரல் பாட வர்றவங்களச் சேத்துலயா நிக்க வெப்ப, கூடச் சாமியாரும் வருவாரே என்று மாமா ஏற்றிவிட, மூன்றே நாளில் சேற்றைக் கழுவி, ஊறிப்போன கட்டிலையும் மெத்தையையும் குப்பை லாரியில் ஏற்றி, வீடு முழுக்க வெள்ளையடித்து, ஸ்டாரும் கட்டிவிட்டார்கள். நான் வந்து இறங்கியதும் உன் அப்பா வாசலில் மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டு, எப்புடி இருக்கு வூடு என்றார். நல்லாயிருக்கு என்றேன். எந்த வாயால் சொன்னேனோ.

புயலடித்து ஐந்து வாரம் கழித்து வந்தார் அந்தச் சர்வேயர் மகராசன், ஷூவைக் கூடக் கழற்றவில்லை. புது வீடு மாதிரி இருக்கே மேடம், தண்ணி எங்க வந்துச்சு என்றார். சமையலறைச் சுவர் ஒரு சாண் வெளியே சாய்ந்து நிற்கிறது, அடுத்த மழைக்கு நிற்காது என்று கொத்தனார் சின்னையன் அடித்துச் சொல்லியிருக்கிறார். சர்வேயரோ அதைப் பழைய விரிசல் என்று எழுதப் போனார். உன் அப்பா நகத்தில் சுண்ணாம்போடு தலையைக் குனிந்து நின்றார். அந்த நகத்தைப் பார்த்ததும்தான் வாய்வரை வந்ததை விழுங்கினேன். அப்போதுதான் பீரோ கண்ணில் பட்டது. என் அம்மா வீட்டுச் சீதனம், வைத்த இடத்தைவிட்டு நகராதது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அப்பா அதைச் சுற்றி பிரஷ் எட்டும் மட்டும் அடிப்பார், இந்தச் சோம்பேறித்தனத்துக்கு நானும் வருஷாவருஷம் திட்டுவேன். நகர்த்துங்க என்றேன். டைம் இல்ல மேடம் என்றார் அவர். ஐந்து வாரம் நாங்க இருந்தோம், ஐந்து நிமிஷம் நீங்க இருங்க என்றேன். அப்பா, மாமா, சர்வேயரின் கார் டிரைவர் மூன்று பேரும் தள்ளினார்கள். பின்னால் நீ பிறந்த வருஷம் அடித்த வெளிர்நீலம் அப்படியே இருந்தது, அதன் குறுக்கே சேற்றுக் கோடு. சர்வேயர் டேப்பை எடுத்தார். நாலடி ஓர் அங்குலம். மாமா மட்டும், மச்சான் சோம்பேறியா இருந்ததும் நல்லதாப் போச்சு என்றான். சிரிப்பு வரவில்லை எனக்கு. தண்ணீர் வந்ததற்கு நாங்கள் சாட்சி சொன்னால் போதாதா, சுவர்தான் சொல்ல வேண்டுமா?

நீ அங்கே வாடகை அறையில் இருக்கிறவன். உன் சாமான்களை இன்றே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. தண்ணீர் வந்தால் முதலில் மெயின், அப்புறம் சர்ட்டிபிகேட், மற்றது எது போனாலும் போகட்டும். அப்பாவிடம் வெள்ளையடித்த பேச்சை எடுக்காதே, அவருக்கே தெரியும். எங்களை நாலடித் தண்ணீரிலிருந்து கரையேற்றிய ஆண்டவர் உன்னையும் கைவிடாமல் காக்கட்டும். ஞாயிறு பூசையை விடாதே, ஸ்வெட்டர் போடு.

கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா,
ஜோதி மேரி

ஜனவரி 24: தபாலில் போடாமல் வைத்திருந்தேன். கட்டிலுக்கும் மெத்தைக்கும் ஆதாரம் இல்லையென்று தள்ளிவிட்டார்கள். சமையலறைச் சுவருக்குப் பாஸாகிவிட்டது. இன்று காலை சின்னையன் அதை இடித்தார்.