முட்டையாக வந்த வட்டம்

என் மகளின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். மரத்தூளைப் பெருக்குவது அத்தைதானே. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று அத்தை போனில் சொன்னார்: "அவன் வீட்டுல கட்டுற மெஷின் வட்டம் வெட்டச் சொன்னா முட்டையா வெட்டுதாம்மா. கம்ப்யூட்டர்ல முகம் தெரியாதவங்ககிட்டல்லாம் காரணம் கேட்டுக்கிட்டிருக்கான்."

எனக்கு மட்டும் "சூப்பரா ஓடுது" என்று செய்தி. இந்த ஊர் ஃபேக்டரியில் நாள் முழுக்க, கம்ப்யூட்டர் சொல்படி மரம் வெட்டும் சிஎன்சி ரூட்டர் முன்னால் நிற்கிறவள் நான். என்னிடம் கேட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

மோட்டாரையும் மரத்தையும் திட்டாதீர்கள். வெட்டும் மோட்டாரைத் தாங்கி நகருகிற குறுக்குச் சட்டம் கோணலாக நிற்கிறது. ஒரு சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வரும்வரை சட்டத்தைத் தளர்த்தி நகர்த்துங்கள். முகம் தெரியாதவர்கள் இதைச் சொன்னார்களா?

போன வாரம் இங்கே மரத்தை வெட்டும் பிட் உடைந்து தெறித்தது. போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியில்தான் கீறல், கண்ணுக்கு ஒன்றுமில்லை. அத்தையிடம் சொல்லிவைக்காதீர்கள். ஆனால் உங்கள் போட்டோவில் பாப்பா கண்ணாடி போடாமல் மெஷினை ஒட்டி நிற்கிறாள். உங்களுக்கு மூளை இருக்கிறதா?

இனி மெஷினைப் படம் பிடித்து அனுப்ப வேண்டாம், பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அனுப்பியதில் ஒன்றே ஒன்றில் ஓரமாக உங்கள் முழங்கை தெரிகிறது. தினமும் அதைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. முதலில் அந்தச் சட்டத்தை நேராக்குங்கள்.

பாப்பாவின் அம்மா