மூன்றாவது ஆட்சேபணை

காரைக்கால்,
7.7.2025

அன்புள்ள அகரன்,

நானும் உன் அம்மாவும் நலம். நேற்று தொலைபேசியில் நாம் கத்திக்கொண்டதைக் கேட்டுவிட்டு அவள் ஓர் உத்தரவு பிறப்பித்திருக்கிறாள்: "அப்பனும் மவனும் இனிமே கம்ப்யூட்டரப் பத்தி ஃபோன்ல பேசக் கூடாது. எழுதித் தொலைங்க." ஒரு வகையில் இதுவே முறை. எழுத்தில் இருப்பதை யாரும் மறுக்க முடியாது.

நீ ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது வாங்கிய கணினியை விளையாட்டுக்கேற்பத் தரம் உயர்த்த நீ தந்த பட்டியல் என் முன் இருக்கிறது. நோட்டுத் தாளில் கிழித்த கால் துண்டு. முதல் வரி, "ரேம் 8." எட்டு என்ன? எட்டு அங்குலமா, எட்டு உருப்படியா? அடுத்து, ரேமின் வகை, "டி.டி.ஆர். 4." கடைக்காரர் நெய்னா முகம்மது பார்த்ததும் சிரித்துவிட்டார். "சார், உங்க போர்டு மூணாம் நம்பர் காலத்துது. தம்பி நாலுன்னு எழுதிருக்காப்ல. இடையில உள்ள வெட்டு எடம் மாறும், உள்ள எறங்கவே எறங்காது."

ஆகவே முதல் ஆட்சேபணை: பட்டியல் பிழையானது. விடுமுறையில் வேலை பார்த்து நீ சேர்த்த ஏழாயிரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது நீயே வகுத்த விதி. பிழைக்கு அதில் இடமில்லை. திருத்தி அனுப்பு.

இப்படிக்கு,
ம. செம்பியன்


காலாப்பட்டு, புதுச்சேரி,
11.7.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எட்டு என்றால் எட்டு ஜி.பி. டி.டி.ஆர். நாலு இல்லை, மூன்று. அவசரத்தில் எழுதிவிட்டேன். அதற்காக "இப்படிக்கு ம. செம்பியன்" என்றா கையெழுத்துப் போடுவீர்கள்? நான் என்ன, உங்கள் மின்துறையில் புது இணைப்புக்கு மனுப் போட்ட ஆளா?

கிராபிக்ஸ் கார்டு பழையது போதும். கூடப் படிக்கும் எழில்மதியின் அண்ணன் ஒன்றை விற்கிறார். திருநள்ளாற்றில் அவர்களுடைய லாட்ஜில் இருக்கிறது, நீங்கள் போய் வாங்கினால் போதும். இரண்டையும் பூட்டி, கணினியைப் பார்சலில் இங்கே அனுப்பிவிடுங்கள். அறையில் நாங்கள் மூன்று பேர். மற்ற இருவரும் விளையாடுகிறார்கள், நான் பின்னால் நின்று பார்க்கிறேன். அது வந்துவிட்டால் சனிக்கிழமைதோறும் விளையாடுவதற்காக நான்கு மணி நேரம் பஸ்ஸில் காரைக்காலுக்கு வர வேண்டியதில்லை.

அன்புடன்,
அகரன்


காரைக்கால்,
20.7.2025

அன்புள்ள அகரன்,

ரேம் பொருத்தியாயிற்று. நேற்று மாலை கார்டையும் வாங்கி வந்தேன். வாசலில் உன் அம்மா வழிமறித்தாள்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"திருநள்ளாறு."

"சனிக்கெழமையும் அதுவுமா? இன்னொருத்தன் பொழங்குன சாமான வேற! ஊரு உலகமெல்லாம் அங்க போயி பழசக் கழிச்சுப் போட்டுட்டு வருது. நீங்க காசு குடுத்து எடுத்துட்டு வர்றீங்களா?"

இந்த விதி எந்த ஏட்டிலும் இல்லை என்றேன். கார்டு இன்று காலை வரை ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்தது.

இரண்டாவது ஆட்சேபணை: கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மேல் 450 வாட் என்று ஒட்டியிருக்கிறது. பளு கொடுத்து அளந்தேன். பாதிக்கே மின்னழுத்தம் சரிகிறது. ஒட்டியவன் பொய்யன். மேலும், கார்டு தனியாக ஓர் ஆறு முனை மின் இணைப்புக் கேட்கிறது. இதில் அது கிடையாது. இடையில் வேறு கம்பி கொடுத்து இணைக்கலாம் என்கிறார் நெய்னா முகம்மது. இருபத்தாறு ஆண்டுகளாக ஊரார் வீட்டில் திருட்டு மின்சாரம் எடுக்கும் ஒட்டுக்கம்பியைப் பிடுங்குபவன், என் வீட்டில் ஒட்டுப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
ம. செம்பியன்


காலாப்பட்டு,
26.7.2025

அப்பா,

எல்லாரும் அந்தக் கம்பியைப் போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். யார் வீடும் எரியவில்லை. பரவாயில்லை. நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இங்கேயே வாங்கி அனுப்பியிருக்கிறேன். மிச்சமிருந்த பணம் அதோடு தீர்ந்தது. இந்த மாதம் இரவுச் சாப்பாடு இரண்டு தோசைதான். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

கணினியைப் பிரித்துப் போட்டிருப்பதால் இந்தச் சனிக்கிழமையும் வரவில்லை. தயவுசெய்து பூட்டி அனுப்புங்கள்.

அகரன்


காரைக்கால்,
4.8.2025

அன்புள்ள அகரன்,

பூட்டிவிட்டேன். இயங்குகிறது. சோதனைக்காக உன் கார் விளையாட்டை நானே நான்கு மணி நேரம் ஓட்டினேன். சிவப்பு விளக்கில் நிறுத்தினேன். பின்னால் வந்த லாரி இடித்தது. மீண்டும் புறப்பட்டு அடுத்த விளக்கிலும் நிறுத்தினேன். மீண்டும் இடித்தது. "நடுரோட்டுல நின்னா இடிக்கத்தான் செய்வான்" என்கிறாள் உன் அம்மா. இந்த விளையாட்டை வடிவமைத்தவர்களுக்குச் சாலை விதி தெரியாது.

மூன்றாவது ஆட்சேபணை: கார்டின் வெப்பம் 83 டிகிரிக்கு உயர்கிறது. மணிக்கொரு முறை குறித்த அட்டவணையையும், கார்டின் விவரத் தாளையும் இணைத்திருக்கிறேன். கூடுதல் விசிறி பொருத்தாமல் அனுப்புவதற்கில்லை. அதற்குரிய விசிறி நெய்னா முகம்மதிடம் இப்போது இல்லை. எப்போது வரும் என்று அவருக்கும் தெரியவில்லை.

அம்மாவிடம் தோசை விஷயத்தைச் சொல்லவில்லை. பணம் அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ம. செம்பியன்


காலாப்பட்டு,
8.8.2025

அப்பா,

நீங்கள் இணைத்த விவரத் தாளில் ஒன்பதாவது வரியைப் பாருங்கள். கார்டு 97 டிகிரி வரை தாங்கும். 83 சாதாரணம். நீங்களே அந்த வரிக்கு அடியில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறீர்கள், பிறகு அழித்திருக்கிறீர்கள். அழித்த தடம் தெரிகிறது.

விவரத் தாளைத் தப்பாகப் படிக்கிற ஆள் இல்லை நீங்கள். அனுப்ப மனமில்லை என்றால் அதை எழுத வேண்டியதுதானே? எழுத்தில் இருப்பதை யாரும் மறுக்க முடியாது என்றீர்களே. இனி நான் கேட்க மாட்டேன்.

அகரன்


காரைக்கால்,
11.8.2025

அன்புள்ள அகரன்,

கணினியை இன்று காலை பார்சலில் ஏற்றிவிட்டேன். ரசீது இத்துடன்.

நீ கேட்டபடி எழுதுகிறேன். முதல் ஆட்சேபணை உண்மையானது. இரண்டாவதும் உண்மையானது. மூன்றாவதை நான் தேடிக் கண்டுபிடித்தேன். கணினி இங்கே இருக்கும்வரை சனிக்கிழமைகளில் நீ வருவாய் என்று எண்ணினேன். தவறு. ஐந்து சனிக்கிழமைகளாக நீ வரவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி உன் அறைக் கதவைத் தட்டாமல் எனக்கு ஒரு சனிக்கிழமைகூடப் போனதில்லை. இப்போது சத்தமில்லாத அறையின் கதவைத் தட்ட விதியில்லை.

கணினியில் குறை ஏதும் இல்லை. 83 டிகிரி சாதாரணம்தான். நிபந்தனையும் ஏதும் இல்லை.

ஒன்று மட்டும் தெரிவிக்க வேண்டும். பக்கத் தகடுகள் இரண்டுக்கும் சேர்த்துத் திருகாணி நான்கு. மூன்றைத்தான் பூட்டியிருக்கிறேன். நான்காவது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தபாலில் அனுப்பினால் தொலைந்துவிடும்.

அது இல்லாமலும் கணினி இயங்கும்.

அப்பா